தைவானின் இரவுச் சந்தைகளும் குழந்தைகளும்

தைவானில் ஜூலை முதல் தேதி பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கி ஆகஸ்ட் இறுதிவரை நீள்கிறது. ஆண்டின் மிகக் கடுமையான வெயிலும் அந்த இரண்டு மாதங்களில்தான். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த தலைநகர் தைப்பேயில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். 2020 ஜூலை 24 அன்று 39.7 டிகிரி பதிவானது. காற்றில் ஈரமும் மிகுதி. பகலில் பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்வது பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேர வாதை. ஆறே முக்கால் வாக்கில் பொழுது சாய்ந்த பிறகுதான் ஊர் தெருவுக்கு வருகிறது. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேரும் இடம் இரவுச் சந்தை.

மாலை ஐந்து மணிக்கு மேல் வாகனங்கள் நுழையாதபடி அடைக்கப்படும் ஒரு தெரு, அதன் நடுவிலோ இரு ஓரங்களிலோ சக்கரம் வைத்த கடைகள், கடைக்கு ஒன்றோ இரண்டோ பண்டம், நள்ளிரவுவரை வியாபாரம்: இதுதான் தைவான் இரவுச் சந்தையின் அமைப்பு. துணிமணி, செருப்பு, கைப்பேசி உறை எல்லாம் கிடைத்தாலும் மக்கள் வருவது சாப்பிடத்தான். சிப்பி ஆம்லெட் போடுகிறவர் அதை மட்டுமே போடுகிறார். கிழங்கு உருண்டை பொரிக்கிறவர் அதை மட்டுமே பொரிக்கிறார். ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்வதால் கை நன்றாகப் படிந்துவிடுகிறது. சில கடைகளில் இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை நிற்கிறது. கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து கடைக்காரர் வீட்டுப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் காட்சியும் அரிதல்ல.

இந்தச் சந்தைகளின் வேர் கோயில் வாசலில் இருக்கிறது. சீனாவின் ஃபூஜியான் கரையிலிருந்து கடல் தாண்டிக் குடியேறியவர்கள், பயணத்தில் காத்த கடல் தெய்வமான மாசுவுக்கு ஊருக்கு ஊர் கோயில் எழுப்பினார்கள். கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. திருவிழாவில் நாடகமும் பொம்மலாட்டமும் நடந்தன. பார்க்க வந்தவர்களின் பசிக்குக் கடைகள் முளைத்தன. 1895 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் சில இடங்களில் முறையான சந்தைக் கட்டடங்கள் எழுந்தன. தைப்பேயின் ஷிலின் சந்தைக் கட்டடம் 1910களில் வந்தது. பிறகு நாடு வேகமாகத் தொழில்மயமான 1960, 70களில் இரவு முறை முடித்து வரும் ஆலைத் தொழிலாளிக்குச் சூடான, மலிவான சாப்பாடு தேவைப்பட்டது. கோயில் வாசல் கடைகள் அந்தத் தேவையில்தான் தெருக்களாக நீண்டன. 1987இல் தைப்பேயின் ஹுவாசி தெரு, சுற்றுலா இரவுச் சந்தை என்ற அரசு அங்கீகாரத்தை முதலில் பெற்றது. அதே ஆண்டில் ராவ்ஹே தெருச் சந்தையும் தொடங்கியது.

வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள் வழிகாட்டிப் புத்தகத்தில் முதலில் இருக்கும் ஷிலினுக்குத்தான் போகின்றன. மாசுவின் சிஷியான் கோயிலைச் சுற்றிப் பல சந்துகளாகப் பரந்து கிடக்கும் ஷிலின், தைப்பேயிலேயே பெரிய இரவுச் சந்தை. 2011இல் அதன் உணவுக் கடைகளில் பெரும்பகுதி புதிய கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஆரவாரம் பிடிக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு அது ஒத்துவருவதில்லை. சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று பிரிவதால் வழி தவறுவது எளிது. சனிக்கிழமை இரவில் கூட்டத்தின் வேகத்தில்தான் நடக்க முடியும், குழந்தையின் வேகத்தில் முடியாது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் புகழில் ஒரு படி குறைந்த சந்தைகளே சரியானவை.

அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது ராவ்ஹே. ஏறக்குறைய 600 மீட்டர் நீளமுள்ள ஒரே நேர்த்தெரு. நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிய கடை வரிசை. ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். பிரியும் சந்துகள் குறைவு என்பதால், கை நழுவிய பிள்ளையைத் தேடுவதும் எளிது. கிழக்கு முனையில் 1753இல் நிறுவப்பட்ட சியோவ் கோயில் இருக்கிறது. அடுக்கடுக்கான கூரைகளின் மேல் டிராகன்களும் வண்ணச் சிற்பங்களும் இரவு விளக்கில் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்து இளைப்பாறத் தடையில்லை. சந்தைக்கு வடக்கே சில நிமிட நடையில் கீலுங் ஆற்றங்கரைப் பூங்காவும் நடைபாலமும் இருக்கின்றன. கூட்டம் தாங்காமல் குழந்தை முரண்டுபிடிக்கும்போது இதைவிட நல்ல ஒதுங்கிடம் தைப்பேயின் வேறு சந்தைகளில் கிடைப்பது கடினம். சோங்ஷான் மெட்ரோ நிலையத்தின் வாயிலும் கோயிலுக்கு அருகிலேயே.

நிங்ஷியா இன்னும் சிறியது. ஒரு தெரு, இரு பக்கமும் கடைகள், நடுவில் நடைபாதை, அவ்வளவுதான். ஏறக்குறைய எல்லாமே சாப்பாட்டுக் கடை. பழைய தைப்பேக்காரர்கள் சாப்பிடப் போகும் இடம் என்ற பெயர் இதற்கு உண்டு. 2018இல் தைப்பேக்கு மிஷெலின் வழிகாட்டி வந்தபோது நட்சத்திர ஓட்டல்களோடு இரவுச் சந்தைக் கடைகளும் அதில் இடம்பெற்றன. நிங்ஷியாவின் சேப்பங்கிழங்கு உருண்டைக் கடையும் அவ்வாறு பெயர் பெற்றது. அதனால் சில கடைகளில் வரிசை நீளம். குழந்தையை அரை மணி நேரம் வரிசையில் நிறுத்துவதற்கு எந்த உருண்டையும் தகுதியானதல்ல. பக்கத்துக் கடை உருண்டையும் நன்றாகவே இருக்கும்.

தைப்பேயிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் கீலுங் துறைமுகம். டியான்ஜி கோயிலை ஒட்டிய மியாவ்கோ சந்தை அங்கே இருக்கிறது. தலைக்கு மேல் மஞ்சள் விளக்குக் கூடுகள் தெரு நெடுகத் தொங்குகின்றன. கடைகளுக்கு எண் உண்டு. என்ன விற்கிறார்கள் என்பது சீனத்தோடு பிற மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எண் சொல்லிக் கடை தேடுவதையே விளையாட்டாக்கிவிடுவார்கள். பல கடைகள் பகலிலும் திறந்திருப்பதால் இரவு எட்டு மணிக்கே தூங்கி விழும் குழந்தைகளுக்கும் இந்தச் சந்தை பொருந்தும். கோடையில் கீலுங்குக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் இறந்தவர்களின் ஆவிகள் பசியோடு உலவும் மாதம் என்பது நம்பிக்கை. அது பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குடியேறிகளின் இரு பிரிவினர் அடித்துக்கொண்டு பலர் மாண்ட பிறகு, சண்டையை விட்டுக் குலப்பெயர் வரிசைப்படி ஆண்டுக்கு ஒரு குலம் அந்த ஆவிகளுக்கு விழா எடுப்பது என்று ஊர் முடிவு செய்தது. இன்றும் அந்த முறை தொடர்கிறது. அந்த மாதத்தின் பதினான்காம் நாள் இரவு, வீடு வடிவில் செய்த காகித விளக்குகளைக் கடலில் மிதக்கவிட்டுக் கொளுத்துகிறார்கள்.

தெற்கே தைனான் நகரில் இரவுச் சந்தை ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. வாரச்சந்தை போல நாளுக்கு ஓர் இடம். தாதோங், வூஷெங், பூந்தோட்டச் சந்தை என்று மூன்று பெரிய மைதானங்களுக்கிடையே கடைக்காரர்கள் மாறி மாறிக் கடை போடுகிறார்கள். பூந்தோட்டச் சந்தை வியாழன், சனி, ஞாயிறு மட்டும். உயரமான கம்பங்களில் கடைப்பெயர் எழுதிய கொடிகள் பறப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். திறந்த மைதானம் என்பதால் விளையாட்டுக் கடைகளுக்கு இடம் தாராளம். பிள்ளைகள் பணத்தைக் கரைப்பது இங்கேதான்.

தைவான் இரவுச் சந்தை பிள்ளைகளுக்கு ஏற்றதாக இருப்பதற்கு முதற் காரணம் பண்டங்களின் அளவு. எதுவும் முழுச் சாப்பாடல்ல. நாலு வாய், ஐந்து வாய். ஒரு குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டே நகர்கிறது. பிடிக்காததை ஒரு கடியோடு விட்டுவிடலாம்; பெரிய இழப்பில்லை. வீட்டில் புதிய உணவைக் கண்டாலே முகம் திருப்பும் குழந்தை, கண்ணெதிரே பொரிந்து வருவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும். சமையல் முழுவதும் வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நடப்பதுதான் அதற்குக் காரணம்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு உருண்டையைப் பாருங்கள். வேகவைத்து மசித்த கிழங்கில் மரவள்ளி மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி எண்ணெயில் போடுகிறார்கள். உருண்டைகள் மிதக்கத் தொடங்கியதும் ஜல்லிக்கரண்டியால் வாணலியின் பக்கவாட்டில் அழுத்துகிறார்கள், விட்டதும் அவை உப்புகின்றன, மறுபடி அழுத்துகிறார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உருண்டை பெருத்து, கடைசியில் உள்ளே வெற்றிடமும் வெளியே மொறுமொறுப்பான மேல்தோலுமாக வருகிறது. மஞ்சளும் ஊதாவுமாகக் காகிதப் பையில் சூடாகத் தருவார்கள். முட்டை, இறைச்சி எதுவும் சேராத பண்டம். தமிழ்க் குழந்தைகளுக்கு முதல் தீனியாக இதையே பரிந்துரைக்கலாம்.

யீலான் பகுதியிலிருந்து பரவிய கடலைமிட்டாய் ஐஸ்கிரீம் சுருளைச் செய்வதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடுகிறார்கள். பெட்டி அளவுக்கு ஒரு கடலைமிட்டாய்ப் பாளம். தச்சர் இழைப்புளியை அதன்மேல் ஓட்டினால் மெல்லிய தூளாக உதிர்கிறது. அந்தத் தூளை மெல்லிய கோதுமைத் தோலில் பரப்பி, இரண்டு கரண்டி சேப்பங்கிழங்கு ஐஸ்கிரீம் வைத்து, மேலே பச்சைக் கொத்தமல்லித் தழை தூவிச் சுருட்டித் தருகிறார்கள். இனிப்புக்கும் குளிர்ச்சிக்கும் நடுவில் கொத்தமல்லி வாசம் அழகாக எழும்பும். தயங்குகிற குழந்தைக்குத் தழையில்லாமல் கேட்டாலும் தருவார்கள்.

கோடையின் அரசன் மாம்பழ ஐஸ். தைவானில் இன்று பெரிதும் விளையும் சிவந்த தோல் இர்வின் மாம்பழம், 1954இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து வந்தது. தைனானை அடுத்த யூஜிங் மலையடிவாரத்தில் வேர்பிடித்து, ஜூன், ஜூலையில் சந்தையெங்கும் குவிகிறது. சீவிய பனிக்கட்டி மேட்டின்மேல் பழத்துண்டுகளும் சுண்டிய பாலும் சேர்த்துத் தரும் ஒரு தட்டு, நால்வர் குடும்பத்துக்குப் போதும். இதைவிட மென்மையானது ஆய்யூ. தைவான் மலைகளில் வளரும், அத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் காய்ந்த விதைகளைத் துணியில் முடிந்து குளிர்ந்த நீரில் பிசைந்தால், விதையிலுள்ள பெக்டின் நீரில் இறங்கித் தானாகவே கட்டியாகிறது. அடுப்பும் வேண்டாம், சேர்மானமும் வேண்டாம். அதன்மேல் எலுமிச்சைச் சாறும் தேனும் விட்டுக் குடித்தால் வெயிலில் வதங்கிய தொண்டைக்கு இதமாக இருக்கும். வெண்பூசணியைப் பழுப்புச் சர்க்கரையோடு நீண்ட நேரம் காய்ச்சிய குளிர்பானமும் கோடைக்கானது. நம் வீட்டில் சாம்பாருக்கும் அல்வாவுக்கும் போகிற அதே காய்.

1980களில் தைவானில் பிறந்து உலகெங்கும் பரவிய பபிள் டீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால் தேநீரின் அடியில் கிடக்கும் கறுப்பு முத்துகள் மரவள்ளிக்கிழங்கு மாவில் உருட்டிப் பழுப்புச் சர்க்கரையில் ஊறியவை. சேலத்து ஜவ்வரிசிக்கும் மூலப்பொருள் அதுவே. பெரிய பிள்ளைகளுக்கு விருப்பமான இந்தப் பானம் நான்கு வயதுக்குக் கீழான குழந்தைக்கு ஆகாது. அகலமான உறிஞ்சுகுழல் வழியாக வேகமாக வரும் முத்து, மெல்லத் தெரியாத குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். முத்தில்லாமலும் சர்க்கரையைக் குறைத்தும் கேட்க முடியும். இனிப்பின் அளவைச் சொல்லி வாங்குவது அங்கே எல்லோருடைய வழக்கம். தேநீர் என்பதால் இரவில் குடித்த பிள்ளை தூங்க மறுப்பதும் உண்டு.

அசைவம் சாப்பிடும் குடும்பங்களுக்கு ராவ்ஹேயின் கோயில் முனையில் விற்கும் மிளகு ரொட்டி ஒரு பெருங்காட்சி. பன்றி இறைச்சியும் வெங்காயத்தாளும் மிளகும் பொதிந்த மாவு உருண்டைகளை எள்ளில் ஒற்றி, கரி கனலும் மண் அடுப்பின் உட்சுவரில் வரிசையாக ஒட்டுகிறார்கள். வெந்ததும் இடுக்கியால் பெயர்த்தெடுக்கிறார்கள். உள்ளே கொதிக்கும் சாறு நிறைந்திருக்கும். பிய்த்து ஆறவிடாமல் குழந்தை கையில் கொடுத்தால் நாக்கு வெந்துவிடும். சிப்பி ஆம்லெட்டில் சர்க்கரைவள்ளி மாவுக் கரைசல் முட்டையோடு சேர்ந்து வழுவழுவென்று இருக்கும். சில பிள்ளைகள் விரும்புவார்கள், பலர் துப்புவார்கள். துளசி இலையோடு பொரித்த கோழித் துண்டுகள் எல்லோருக்கும் பிடிக்கும். காரம் போடலாமா என்று கடைக்காரர் கேட்பார், கேட்காமல் தூவுவதில்லை. கீலுங்கில் பெரிய இரும்புச் சட்டியின் விளிம்பில் அரிசிமாவை ஊற்றி, அடியில் கொதிக்கும் நீரின் ஆவியில் வெந்ததும் பெயர்த்து, கீறி, சூப்பில் போட்டுத் தருவது ஒரு பழைய பண்டம். மென்மையாக இருப்பதால் மூன்று வயதுக் குழந்தையும் சாப்பிடும்.

நாற்றத் தோஃபுவைத் தவிர்த்துவிட்டு இரவுச் சந்தையைச் சொல்ல முடியாது. நொதித்த உப்புநீரில் ஊறிய சோயாப் பாலாடைக்கட்டியின் வாசனை தெருமுனைக்கே வரும். முதல் தடவை வரும் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு அழும். பொரித்த பிறகு சுவை மென்மையானது, நாற்றம் பாதிகூட இல்லை. ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது. நாற்றத்தைப் பற்றி வேடிக்கை பேசிக்கொண்டு கடந்துபோன பிள்ளை அடுத்த சந்தையில் தானாகவே ஒரு துண்டு கேட்கும்.

சைவ உணவு உண்பவர்களுக்குத் தைவான், கிழக்காசிய நாடுகளில் மிக எளிதான இடங்களில் ஒன்று. பௌத்த வழக்கத்தால் சைவம் உண்பவர்கள் அங்கே நிறைய. கடைப்பலகையில் சைவத்தைக் குறிக்கும் 'சு' என்ற எழுத்தும், சில கடைகளில் ஸ்வஸ்திகக் குறியும் இருக்கும். அந்தக் கடைகள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேராது. குறியில்லாத கடையில் காய்கறிப் பண்டமும் பன்றிக் கொழுப்பிலோ அதே எண்ணெயிலோ வெந்திருக்கலாம். நாற்றத் தோஃபுவின் உப்புநீரிலும் சில கடைகளில் இறால் சேர்கிறது. சந்தேகமிருந்தால் பழங்கள், அவித்த சோளம், கிழங்கு உருண்டை, அவரைப் பூரணம் அடைத்த சக்கர அப்பம், ஐஸ் வகைகள் என்றே ஒரு மாலையை நிரப்பிவிடலாம். சக்கர அப்ப மாவில் முட்டையும் பாலும் உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். நிலக்கடலை ஒவ்வாத குழந்தைகளின் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடலைத்தூள் இனிப்பிலும் காரத்திலும் தாராளமாக விழுகிறது. ஒரே கரண்டி பல பாத்திரங்களுக்குப் போகிறது. ஒவ்வாமையைச் சீனத்தில் எழுதிய ஒரு சீட்டைக் கையில் வைத்துக் கடைக்காரரிடம் காட்டுவது நல்ல ஏற்பாடு.

வயிறு பாதி நிறைந்ததும் பிள்ளைகளின் கண் விளையாட்டுக் கடைகளுக்குப் போகும். பலூன் சுடுவது மெரினா மணலில் பழகிய பிள்ளைகளுக்குப் புதிதல்ல. புட்டிகளின் கழுத்தில் வளையம் எறிவது, சரிந்த பலகையில் கோலிகளை ஓடவிட்டு எண் சேர்ப்பது, தொட்டியில் இறால் தூண்டில் போடுவது, பொம்மை பிடிக்கும் இயந்திரங்கள் என்று ஒவ்வொரு வயதுக்கும் ஒன்று உண்டு. ஆட்டத்துக்குப் பெரும்பாலும் 50 முதல் 100 தைவான் டாலர் ஆகும். ஒரு டாலர் மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தெருவுக்குள் நுழையும் முன்பே பிள்ளை கையில் ஒரு தொகையைச் சில்லறையாகக் கொடுத்து, இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிடுவது நல்லது. அந்தச் சில்லறையை எதற்குச் செலவழிப்பது என்ற முடிவு பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். தோற்பதும் எண்ணிப் பார்த்து அடுத்த ஆட்டத்தை விடுவதும் சேர்ந்துதான் அந்த விளையாட்டு.

தங்கமீன் அள்ளும் விளையாட்டு மட்டும் யோசிக்க வேண்டியது. ஜப்பானியர் வழியே வந்தது இது. மெல்லிய காகிதம் ஒட்டிய வளையத்தால், காகிதம் கிழிவதற்குள் மீனை அள்ள வேண்டும். பொறுமையும் கைநிதானமும் கேட்கும் அழகான ஆட்டம்தான். ஆனால் பிடிபட்ட மீனைப் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டித் தருகிறார்கள். விடுதி அறைக்குக் கொண்டுபோன மீன் நெடுநாள் உயிரோடு இராது. அள்ளி முடித்ததும் மீனைத் தொட்டியிலேயே விட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்ட பிறகு ஆடவிட்டால் குழந்தைக்கு அழுகையும் இல்லை, மீனுக்குச் சாவும் இல்லை.

கூட்டமான தெரு குழந்தைக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பெரியவர்கள் குனிந்து பார்த்தால்தான் புரியும். முதுகுகளும் பைகளும் மட்டுமே தெரியும். வாணலிகளின் அனல் முகத்துக்கு நேரே அடிக்கும். நடந்துகொண்டே தின்பவர்கள் பிடித்திருக்கும் மூங்கில் குச்சிகளின் முனை குழந்தையின் கண்மட்டத்தில் வரும். குச்சியில் செருகியதை ஓரமாக நின்று சாப்பிட வைக்க வேண்டும். தின்றதும் குச்சியை வாங்கிவிட வேண்டும். குழந்தை வண்டி நிங்ஷியாவிலும் ராவ்ஹேயிலும் மாலை ஆறு மணிக்கு நகரும், எட்டு மணிக்கு நகராது. கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்வதே வசதி. அடைக்கப்படாத சந்துகளில் ஸ்கூட்டர்கள் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து வரும் என்பதால் தெருமுனைகளில் கையை விடக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரே ஏற்பாடு பாதியாகக் குறைத்துவிடும்: கடை திறக்கும் நேரத்தில் போவது. ஐந்தரை மணிக்கு எண்ணெய் புதிதாக இருக்கும். கடைக்காரருக்குக் குழந்தையோடு பேச நேரம் இருக்கும். உட்கார முக்காலி கிடைக்கும். சனி, ஞாயிறைவிட வாரநாள் மேல். ஏழரை மணிக்குள் சாப்பாடு, எட்டு மணிக்குள் விளையாட்டு, அலுவலகம் விட்ட கூட்டமும் சுற்றுலாப் பேருந்துகளும் நிறைக்கும் வேளையில் வெளியேறிவிடலாம். கடைகள் நள்ளிரவுவரை இருக்கின்றன என்பதற்காகக் குழந்தையும் இருக்க வேண்டியதில்லை. பிற்பகல் இடிமழை தைப்பே கோடையில் அடிக்கடி வரும். மழை ஓய்ந்த மாலையில் காற்று குளிர்ந்து, கூட்டமும் குறைந்திருக்கும். ஜூலை முதல் செப்டம்பர்வரை புயல் காலம். அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் நகராட்சி விடுமுறை அறிவித்தால் சந்தைக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டுவிட வேண்டும்.

சிறு நோட்டுகளும் நாணயங்களும் தேவை. பல கடைகளில் ரொக்கம்தான் செல்லும். உட்கார்ந்து சாப்பிடும் கடைகள் சிலவற்றில் தலைக்கு ஒரு பண்டமாவது வாங்க வேண்டும் என்ற விதி இருக்கும். கழிப்பறைக்கு மெட்ரோ நிலையங்களை நம்பலாம். சந்தைக்குள் நுழையும் முன்பே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்விட வேண்டும். தெருவில் குப்பைத்தொட்டிகள் குறைவு, ஆகவே ஒரு பையைக் கொண்டுபோவது உதவும். தைவானில் குப்பை வண்டி இசை ஒலித்தபடி தெருவுக்கு வரும். மக்கள் கையோடு குப்பையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பீத்தோவனின் பியானோ இசையை எழுப்பியபடி வரும் மஞ்சள் வண்டியைக் கண்டு ஐஸ் வண்டி என்று ஓடும் குழந்தைகள் உண்டு. குழந்தையின் பையில் விடுதி அட்டையையும் பெற்றோர் எண்ணையும் வைத்து, வழி தவறினால் நின்ற கடையிலேயே நிற்கச் சொல்லிப் பழக்க வேண்டும். காவல்துறைக்கு 110, மருத்துவ உதவிக்கும் தீயணைப்புக்கும் 119.

இந்தத் தெருக்களில் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கடைகளுக்கு மேல் மாடியில் வீடுகள். அங்கேயும் படிக்கிற, தூங்குகிற குழந்தைகள் இருக்கிறார்கள். தைப்பேயின் ஷிதா பல்கலைக்கழகத்தை ஒட்டிய சந்தை எல்லை மீறி வளர்ந்தபோது புகை, இரைச்சல், தீ அபாயம் ஆகியவற்றை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் 2011, 2012இல் போராடினார்கள். நகர நிர்வாகம் விதிகளை இறுக்கியதும் பல கடைகள் மூடப்பட்டன. அந்தச் சந்தை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. மற்ற சந்தைகள் புகைபோக்கிகளும் எண்ணெய் வடிகட்டிகளும் வைத்துக்கொண்டு குடியிருப்பவர்களோடு ஒத்துப்போக முயல்கின்றன. நடைவழியை மறிக்காமல் நிற்பதும், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தின்று எச்சிலைப் போடாமலிருப்பதும் வருகிறவர்களின் பங்கு.

மெட்ரோவில் திரும்பும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. கட்டண வாயிலருகே தரையில் வரைந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிய பிறகு எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. சுயிங்கம்மும் தண்ணீரும்கூட இந்தத் தடைக்குள் வரும். மீறினால் 1,500 முதல் 7,500 தைவான் டாலர்வரை அபராதம். ஆகவே கையிலுள்ள பானத்தை வாயிலுக்கு முன்பே குடித்து முடிக்க வேண்டும், மிச்சப் பண்டத்தைப் பையில் கட்டிவிட வேண்டும், தாகம் எடுக்கும் பிள்ளைக்கு அங்கேயே தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். கட்டிக்கொண்ட கிழங்கு உருண்டைகள் விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் நமுத்துப்போகும். பழமும் சக்கர அப்பமும் மறுநாள் காலைவரை தாங்கும்.